சித்தேரி மலைப் பள்ளி நூலகத்துக்காக நடந்த எழுத்தாளர் சந்திப்பு: போனவங்க எழுதுங்க

தகடூர் வாசகி
ஞாயிறு, இரவு 10.40

இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். நாளைக்கு எழுதலாம்னு விட்டா பாதி மறந்துடும். அதனால கை கால் கழுவிட்டு நேரா உட்கார்ந்துட்டேன்.

விஷயம் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நம்ம தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில ஒரு அரசு நடுநிலைப் பள்ளிக்கு நூலகம் அமைச்சுக் குடுக்கணும்னு நம்ம ஊர் வாசகர்கள் சில பேர் சேர்ந்து, நாலு ரோடு பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல இன்னிக்குச் சாயந்திரம் கூட்டம் வச்சிருந்தாங்க. மூணு எழுத்தாளர்கள் வந்தாங்க. நுழைவு நன்கொடை 200 ரூபாய். அவங்க பேரை நான் இங்க போடலை. "எங்க பேரைப் பெருசாக்காதீங்க, பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேசுங்க"ன்னு மூணு பேருமே மேடையில கேட்டுக்கிட்டாங்க. அதை மதிக்கணும்னு தோணுது.

அதுல ஒருத்தங்க என் எழுத்தாளர். நான் பிளஸ் டூ முடிச்ச வருஷம், மேல படிக்க வைக்கலாமா, கட்டிக் குடுத்துடலாமான்னு வீட்ல பேச்சு ஓடிட்டிருந்துச்சு. அந்த நாள்ல மாவட்ட மைய நூலகத்துல அவங்களோட சிறுகதைத் தொகுப்பு ஒண்ணு கைக்கு வந்துச்சு. அட்டை போய், முதுகுல காக்கித் தாள் ஒட்டின புத்தகம். ரெண்டே நாள்ல படிச்சேன். மூணாவது நாள் அப்பா முன்னாடி நின்னு வாயைத் திறந்து பேசினேன். பதினெட்டு வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் அவங்களை நேர்ல பார்த்தேன்.

நம்ம பக்கத்து இலக்கியக் கூட்டம் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆளுக்கொரு பொன்னாடை, அதுக்கொரு போட்டோ. எழுத்தாளர் மைக் பிடிக்கிற நேரத்துல ஜனங்க கடைசி பஸ்ஸுக்கு எழுந்து போயிட்டிருப்பாங்க. இன்னிக்குப் பொன்னாடையே கிடையாது. வரவேற்பு நாலு நிமிஷம். அப்புறம் மூணு பேரும் ஆளுக்கு இருபது நிமிஷம் தங்களோட கதையை எடுத்து வாசிச்சாங்க.

வாசிப்பு இவ்வளவு செய்யும்னு நான் நினைக்கலை. அந்தத் தொகுப்புல ஒரு அம்மா மகள்கிட்ட சொல்ற ஒரு வாக்கியம் வரும். இத்தனை வருஷமா அதைக் கோவத்துல சொல்றதாத்தான் நான் படிச்சிட்டு இருந்தேன். அவங்க அதைத் தாழ்ந்த குரல்ல, கெஞ்சற மாதிரி வாசிச்சாங்க. எனக்குள்ள அந்தக் கதையே திரும்பி உட்கார்ந்துச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எங்கம்மா அப்ப என்கிட்ட சொன்னதையெல்லாம் நினைச்சுட்டே வந்தேன்.

கையெழுத்து வாங்குற வரிசையில எனக்கு முன்னாடி அந்தப் பள்ளியிலிருந்து வந்த பொண்ணு ஒருத்தி நின்னா. ஏழாவது இல்லைன்னா எட்டாவது படிப்பா. சீருடை, ரெட்டை ஜடை, கையில புதுப் புத்தகம். எழுத்தாளர், "உன் பேரென்ன கண்ணு?"ன்னு கேட்டாங்க. "என் பேரு வேணாங்க, பள்ளிக்கூடத்துப் பேரு போடுங்க. என் பேரைப் போட்டா என்னுதுன்னு நெனச்சு மத்த புள்ளைங்க எடுக்க மாட்டாங்க"ன்னா அவ.

அவங்க பேனாவைக் கீழ வச்சாங்க. "நூலக நம்பர் எங்க போடுவீங்க?"ன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு தலைப்புப் பக்கத்துல வலது மேல் மூலையை விரலால தொட்டுக் காட்டினா. அந்த இடத்தை விட்டுட்டுக் கீழ தள்ளி, பள்ளிக்கூடத்துப் பேரை முழுசா எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. மை காயலை. பக்கத்துல கிடந்த தினசரியிலிருந்து ஒரு துண்டு கிழிச்சு மேல வச்சு, புத்தகத்தை மெல்ல மூடி ரெண்டு கையாலயும் குடுத்தாங்க.

அடுத்தது நான். வாரக்கணக்கா மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டு வந்ததெல்லாம் போயிடுச்சு. "உங்க கதையைப் படிச்சுட்டுத்தான் நான் காலேஜுக்குப் போனேன்"னு மட்டும் சொன்னேன். "எந்தக் காலேஜ்? என்ன பாடம்?"னு கேட்டாங்க. இங்க அரசு கலைக் கல்லூரி, கணிதம்னு சொன்னேன். "கணக்கா!"ன்னு சிரிச்ச முகத்தோட என் கையைப் பிடிச்சாங்க. அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

ஏலமும் நடந்துச்சு. அதைப் பத்தி வேற யாராவது எழுதுங்க, நான் கண்ணைத் துடைச்சிட்டிருந்ததுல சரியாப் பார்க்கலை.

ஒரு கேள்வி மட்டும் வைக்கிறேன். 2011 கணக்கெடுப்புல நம்ம தருமபுரி மாவட்டத்தோட எழுத்தறிவு 68.5 சதவீதம். மாநிலத்துலயே கடைசி. அந்த எண்ணைப் பார்த்த நாள்ல இருந்து எனக்கு அது உறுத்திட்டே இருக்கு. இந்த மாதிரி மாலையை வருஷா வருஷம் நடத்தணுமா, நடத்தினா எப்படி நடத்தணும்? எல்லாரும் சொல்லுங்க.


கிருஷ்ணகிரி வாசகன்
ஞாயிறு, இரவு 11.25

அக்கா, நீங்க எழுதினது மனசைத் தொட்டுச்சு. ஆனா என் அனுபவத்தையும் சொல்லணும். நானும் என் தம்பியும் காவேரிப்பட்டணத்துலேர்ந்து பஸ் பிடிச்சு வந்தோம். ரெண்டு பேருக்கும் 400, பஸ்ஸுக்குத் தனி. அவன் ஐடிஐ படிக்கிறான். வந்த மூணு பேர்ல நாவலாசிரியரோட நாலு புத்தகம் எங்ககிட்ட இருக்கு, நாலையும் பையில தூக்கிட்டு வந்தோம். வரிசையில முக்கால் மணி நேரம் நின்ன பிறகு, "ஒருத்தருக்கு ஒரு புத்தகம்தான், போட்டோ வேணாம்"னு சொல்லிட்டாங்க. என் தம்பி முகம் வாடிப் போச்சு. அவன் படிச்ச முதல் நாவல் அவரோடது. ஒரு போட்டோவாவது எடுத்திருக்கலாம். நல்ல காரியத்துக்குத்தான் குடுத்தோம், மறுக்கலை. ஆனா தூரத்துலேர்ந்து வர்றவங்களுக்கு முன்னாடியே இதைச் சொல்லியிருக்கணும்.


மொய் நோட்டு எழுதினவன்
திங்கள், காலை 6.50

தம்பி, நான் அங்க வேலை பார்த்தவங்கள்ல ஒருத்தன். தப்பு எங்க மேலதான். ஒரு புத்தகம்ங்கிற விதியை அறிவிப்புலயே போட்டிருக்கணும். நாவலாசிரியருக்கு வலது மணிக்கட்டுல வலி. ரெண்டு வருஷமா எழுதறதையே குறைச்சிருக்கார். "எவ்வளவு பேர் வந்தாலும் ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்ப மாட்டேன், ஆனா ஆளுக்கு ஒண்ணு"ன்னு அவர்தான் கேட்டார். போட்டோவை நிறுத்தினது நாங்க. ஒரு போட்டோவுக்கு அரை நிமிஷம்னாலும் அத்தனை பேருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போகும், மலைக்குப் போற பிள்ளைங்க வேன் எட்டு மணிக்குக் கிளம்பணும். இதையும் வாய் திறந்து சொல்லாம விட்டோம். மன்னிச்சுக்குங்க.

இன்னொரு தப்பும் இருக்கு. மாணவர்களுக்கு நுழைவு இலவசம். அதை அறிவிப்புல அச்சடிக்க மறந்துட்டோம். உங்க தம்பிக்கு வாங்கின 200 ரூபாயைத் திருப்பிக் குடுக்க நாங்க தயார், தனிச் செய்தியில எழுதுங்க.

கணக்கை எல்லாரும் கேட்பீங்க, கேட்கணும். மண்டப வாசல்ல கரும்பலகையில எழுதி வச்சதையே இங்கயும் போடறேன். நுழைவு நன்கொடை 212 பேர், 42,400 ரூபாய். ஏலம் 31,000. புத்தக விற்பனையில பதிப்பகங்கள் விட்டுக்குடுத்த கழிவு 17,600. மொய் 58,750. ஆக வரவு 1,49,750. செலவுல மண்டபம் 12,000 (பாதி வாடகைதான் வாங்கினாங்க), மைக்கும் நாற்காலியும் 6,500, டீ, நிப்பட், சுண்டல் 5,800, அச்சு வேலை 2,200. செலவு மொத்தம் 26,500. மீதி 1,23,250 ரூபாய், நாளைக்குப் பள்ளி மேலாண்மைக் குழு கணக்குல கட்டறோம்.

மொய்யைப் பத்தி ஒரு வார்த்தை. உண்டியல் வைக்கலாம்னு முதல்ல பேச்சு வந்துச்சு. உண்டியல்ல போட்டா யார் குடுத்தாங்கன்னும் தெரியாது, எவ்வளவுன்னும் தெரியாது. எங்க வீட்டுப் பெரியவங்கதான் கல்யாண வீட்டு மாதிரி மேசை போட்டு நோட்டு எழுதச் சொன்னாங்க. ஊர்ப் பேரோட வரிசையா எழுதினேன். இலக்கியம்பட்டி 500, பாப்பாரப்பட்டி 1,001, மொரப்பூர் 101. கட்டட வேலை செய்யற ஒரு அம்மா 20 ரூபாய் குடுத்துட்டு, "எழுதுவீங்களா?"ன்னு கேட்டாங்க. எழுதி, படிச்சுக் காட்டினேன். அந்த நோட்டும் பள்ளிக்கூடத்துக்கே போகுது.


மண்டிக்காரர் மகன்
திங்கள், காலை 9.15

ஏலம் பத்திக் கேட்டிருந்தீங்க. ஏலம் விட்டது எங்க அப்பா.

அப்பா பாலக்கோட்டுல தக்காளி மண்டியில முப்பது வருஷமா ஏலம் கூறுறவர். விடிகாலையில வண்டி வந்து நின்னா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள தக்காளிப் பெட்டி கை மாறும். அவர் படிச்சது மூணாம் வகுப்பு வரைக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பார். இந்தக் கூட்டத்துல ஏலம் விட ஆள் வேணும்னு கேட்டப்ப நான்தான் அவர் பேரைச் சொன்னேன்.

ஏலத்துக்கு வந்தது நாலு பொருள். மூணு பழைய முதல் பதிப்புங்க. நாலாவது, தகடூர் வாசகி அக்கா சொன்ன அந்த எழுத்தாளர் கையால எழுதின ஒரு பக்கம், கண்ணாடிச் சட்டம் போட்டது. அப்பா மேடைக்குப் பின்னாடி போய் அந்தம்மாகிட்ட, "விக்கிற சரக்கு என்னன்னு தெரியாம நான் ஏலம் கூற மாட்டேன்ங்க. இதுல என்ன எழுதியிருக்கு?"ன்னு கேட்டார். நான் பக்கத்துலதான் நின்னேன். அவங்க நாற்காலியை இழுத்து எதிர்ல போட்டு, அந்தப் பக்கத்தை முழுசா அவருக்கு வாசிச்சாங்க. ஒரு அம்மா மகளுக்குத் தலை பின்னி விடற இடம். மூணு இடத்துல அடிச்சுத் திருத்தி எழுதியிருக்காங்க. அடிச்சது ஏன்னு அப்பா கேட்டார். முதல்ல எழுதினதுல அந்த அம்மா ரொம்ப நல்லவளா இருந்தா, அப்படி ஒரு அம்மா எங்கயும் இல்லை, அதனால மாத்தினேன்னு சொன்னாங்க. அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

மேடையில போய் அவர் கூறினதை நான் உயிரோட இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன். மண்டியில கூறுற வேகமே இல்லை. "இதுல ஒரு தாயி மவளுக்குத் தலை வாருறா. மூணு தடவை அடிச்சு எழுதியிருக்காங்க, அடிச்சதும் சேர்ந்துதான் விலை"ன்னார். ரெண்டாயிரத்துல ஆரம்பிச்சது பன்னெண்டாயிரத்துல நின்னுச்சு. எடுத்தவர் ஒரு புளி வியாபாரி. ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லிட்டு மூணாவது தரத்துக்கு முன்னாடி அப்பா அந்தச் சட்டத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

நேத்து ராத்திரி அந்தம்மா எழுதின புத்தகம் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னார். நான் வாசிக்கிறேன், அவர் கேட்கிறார். அஞ்சு பக்கம் ஆகியிருக்கு.


ஓசூர் இரண்டாம் ஷிப்ட்
திங்கள், மதியம் 1.05

எல்லாம் படிச்சேன். நல்லா இருக்கு. ஆனா எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. சொத்து வரி கட்டும்போதே நூலகத்துக்குன்னு தனியா வரி பிடிக்கிறாங்க. பள்ளிக்கூடம் அரசாங்கத்தோடது. புத்தகம் வாங்கிப் போட வேண்டியது அரசாங்கம். நாம கூட்டம் போட்டு நிதி திரட்டினா, இது ஜனங்க பாத்துக்குவாங்கன்னு அவங்க கை கழுவிட மாட்டாங்களா? குடுக்கக் கூடாதுன்னு சொல்லலை. கேட்க வேண்டிய இடத்துல கேட்கறதை விட்டுடக் கூடாதுன்னு சொல்றேன்.


பழைய நூலகர்
திங்கள், மாலை 5.30

தம்பியின் கேள்வி சரியானது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நாட்டு விடுதலைக்குப் பின் வந்த முதல் நூலகச் சட்டம் அது. அதற்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படிதான் சொத்து வரியோடு நூலக வரி வசூலாகிறது. இன்று அது சொத்து வரியில் பத்து சதவீதம். உள்ளாட்சிகள் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எல்லாம் அந்தப் பணத்தில் நடப்பவை. பள்ளி நூலகம் அந்தக் கணக்கில் வராது, அது கல்வித் துறையின் பொறுப்பு. ஆகவே இரண்டு இடத்தில் கேட்க வேண்டும். மலையில் கிளை நூலகம் வேண்டும் என்று ஆணைக்குழுவிடம் மனு கொடுங்கள். பள்ளிக்குப் புத்தகம் வேண்டும் என்று கல்வித் துறையிடம் கேளுங்கள். கையெழுத்துப் போட நான் முதல் ஆளாக வருகிறேன்.

ஆனால் மனுவுக்கு விடை வரும் வரை எட்டாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்பிலேயே இருக்க மாட்டாள். இதை முப்பத்தொரு வருடம் நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் 1,000 ரூபாய் கட்டினால் புரவலராகச் சேரலாம், தெரியுமா? பலகையில் பெயர் எழுதுவார்கள். இதைச் செய்தவர்கள் அந்த நூலகத்துக்குள் போய்க் கேள்வி கேட்கத் தொடங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

தகடூர் வாசகி சொன்ன அந்தக் காக்கி முதுகுப் புத்தகம் பற்றி ஒரு வரி. அந்த நாட்களில் மாவட்ட மைய நூலகத்தில் முதுகு ஒட்டுகிற வேலையை நாங்கள் நான்கு பேர் செய்தோம். மைதா மாவுப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவோம், பூச்சி அண்டாமல் இருக்க. நான் ஒட்டியதாகவும் இருக்கலாம், அம்மா.


தகடூர் வாசகி
திங்கள், மாலை 5.52

ஐயா, என்ன எழுதறதுன்னு தெரியலை. நன்றிங்க ஐயா. அந்தப் பசை வாசம் இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு.


ஆடிட்டர் ஆபீஸ்
திங்கள், இரவு 8.20

பணம் குடுக்கறவங்களுக்காக ஒரு விளக்கம். நேத்து வாசல்ல ரெண்டு பேர் வரிவிலக்கு ரசீது கேட்டு வாக்குவாதம் பண்ணிட்டிருந்தாங்க.

நன்கொடைக்குக் கிடைக்கிற வருமான வரிச் சலுகை (80ஜின்னு சொல்றது), அதுக்கான பதிவு இருக்கிற அறக்கட்டளைக்கோ நிறுவனத்துக்கோ குடுத்தாத்தான் கிடைக்கும். நாலு வாசகர்கள் கூடி வசூலிக்கிற கூட்டத்துக்குக் கிடையாது. பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா அந்தத் தொகைக்குச் சலுகை இல்லை. யுபிஐ, காசோலை, வங்கி வழியாக் குடுங்க. வாங்கின அறக்கட்டளை வருமான வரித் துறைக்குக் கணக்குச் சொல்லி உங்களுக்கு நன்கொடைச் சான்று குடுக்கணும். வெறும் ரசீது போதாது. புதிய வரி முறையை எடுத்துக்கிட்டவங்களுக்கு இந்தச் சலுகையே வராது. ஏலத்துல பொருள் எடுத்த பணத்தையும் நன்கொடைன்னு காட்ட முடியாது, கைக்குப் பொருள் வந்துடுச்சே.

அடுத்த முறை பெரிய தொகை எதிர்பார்த்தீங்கன்னா, பதிவு உள்ள ஒரு அறக்கட்டளையோட சேர்ந்து செய்யுங்க. இல்லைன்னா அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை குடுக்கறதுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்துற 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தளத்துல அந்தப் பள்ளியையே தேர்ந்தெடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. 2022 டிசம்பர்லேர்ந்து அது இருக்கு. கரும்பலகைக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. எங்க தொழில்ல அவ்வளவு தெளிவான வரவு செலவை அபூர்வமாத்தான் பார்க்கிறோம்.


சின்ன எழுத்தாளன்
செவ்வாய், காலை 7.40

இதுவரைக்கும் யாரும் கேட்காத ஒண்ணைக் கேட்கறேன். செலவுக் கணக்குல எழுத்தாளர்களோட பயணச் செலவு எங்கே?

நான் ரெண்டு கதைத் தொகுப்பு போட்டவன். தமிழ்ல எழுத்தாளனுக்கு வழக்கமாக் கிடைக்கிற உரிமைத்தொகை பத்து சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் ஒண்ணு வித்தா 20 ரூபாய். முன்னெல்லாம் ஒரு பதிப்புன்னா ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சடிப்பாங்க. இப்ப தேவைக்கேற்ப அச்சடிக்கிற முறை வந்த பிறகு நூறு, இருநூறுன்னு போடறாங்க. நூறும் வித்தா 2,000 ரூபாய். வெளியூர்லேர்ந்து ரயில்ல மொரப்பூர் வந்து இறங்கி, தருமபுரி வந்து, ராத்திரி தங்கித் திரும்பினா அதுக்கே அது சரியாப் போகும்.

ஒரு முறை ஒரு பெரிய ஊர்ல நன்கொடை நிகழ்ச்சிக்குப் பேசக் கூப்பிட்டாங்க. போனேன். மண்டபத்துக்கு, பூ அலங்காரத்துக்கு, ஒளிப்பதிவுக்கு எல்லாத்துக்கும் காசு குடுத்தாங்க. என்கிட்ட மட்டும், "தர்ம காரியம்தானே"ன்னாங்க. திரும்பி வரும்போது பஸ்ல நின்னுட்டு வந்தேன். குடுக்க மனசில்லாம சொல்லலை. கேட்டிருந்தா என் பங்கா அதை நானே திருப்பிக் குடுத்திருப்பேன். கேட்காமலே எடுத்துக்கிட்டதுதான் வலிச்சுச்சு.


மொய் நோட்டு எழுதினவன்
செவ்வாய், காலை 8.30

அண்ணா, நல்லா கேட்டீங்க. மூணு பேருக்கும் பயணச் செலவைக் கவர்ல வச்சுக் குடுத்தோம். அந்தப் பணம் எங்க குழு ஆளுங்க எட்டுப் பேர் கையிலிருந்து போட்டது, நன்கொடையிலிருந்து எடுக்கலை. அதனாலதான் பலகையில வரலை. வந்திருக்கணும், இனிமே எழுதறோம். ரெண்டு பேர் வாங்கிக்கிட்டாங்க, அதுல எங்களுக்கு மரியாதைதான். ஒருத்தர் கவரைப் பிரிச்சு, ரயில் டிக்கெட்டுக்கு ஆன தொகையை எடுத்துக்கிட்டு மீதியை மொய் நோட்டுல எழுதச் சொன்னார். ஊர் என்னன்னு போடறதுன்னு கேட்டேன். "சித்தேரின்னு போடுங்க"ன்னார்.


தமிழாசிரியர், அரூர்
செவ்வாய், இரவு 9.10

வருடா வருடம் நடத்தலாமா என்பதுதான் இழையின் கேள்வி. என் கருத்தைச் சொல்கிறேன்.

நம் ஊரில் கொடை என்றாலே அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியை அழைப்பிதழில் போட்டுவிடுவோம். அது ஒரு நாள் கொடுத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது புறநானூற்றின் 101-ஆம் பாட்டு. அதுவும் ஔவை அதியமானைப் பற்றிப் பாடியதுதான். ஒரு நாள் போனோம், இரண்டு நாள் போனோம், பல நாள் பலரைக் கூட்டிக்கொண்டு போனோம்; அத்தனை நாளும் முதல் நாள் காட்டிய விருப்பத்தையே காட்டினான் என்கிறாள். கனியைக் கொடுத்துவிடலாம். பத்தாவது முறை வருகிறவனை முதல் முறை வந்தவனைப் போல வரவேற்பது கடினம்.

ஆகவே நடத்துங்கள். ஆனால் அடுத்த வருடம் வேறு பள்ளி என்று ஓடாதீர்கள். இதே பள்ளிக்கு மூன்று வருடம் செய்யுங்கள். திறப்பு விழாவில் போட்டோ எடுத்துவிட்டு, மறு வருடம் பூட்டிக் கிடக்கும் நூலகங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பார்த்துவிட்டேன். முதல் வருடம் வாங்கும் புத்தகம் யாருக்குப் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை என்று இரண்டாம் வருடம்தான் தெரியும்.


சித்தேரி டீச்சர்
புதன், இரவு 7.45

எல்லாருக்கும் வணக்கம். அந்தப் பள்ளிக்கூடத்துல வேலை செய்யறேன். மலையில சிக்னல் கிடைக்காது, அரூர் வந்தாத்தான் எழுத முடியும். இன்னிக்குத்தான் மொத்த இழையையும் படிச்சேன். தமிழாசிரியர் ஐயா சொன்ன மூணு வருஷம்ங்கிறது என் மனசுல இருந்ததே.

புத்தகம் வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கேளுங்க. செய்தி பரவினதும் நிறைய பேர் பழைய புத்தகம் தர்றேன்னு கூப்பிடறாங்க. போன வருஷமும் ஒருத்தர் மூணு மூட்டை அனுப்பினார். பிரிச்சுப் பார்த்தா போட்டித் தேர்வு வழிகாட்டி, காலாவதியான கம்ப்யூட்டர் பாடம், அட்டை மட்டும் இருக்கிற வார இதழ். பிள்ளைங்க ஓடி வந்து சுத்தி நின்னாங்க. அவங்க முகத்தைப் பார்க்க முடியலை. உங்க பிள்ளைக்குக் குடுப்பீங்களான்னு ஒரு தடவை நினைச்சுட்டு அனுப்புங்க.

ஒண்ணு ரெண்டு மூணாம் வகுப்புக்குப் பக்கத்துக்கு ரெண்டு மூணு வரி, பெரிய எழுத்து, பக்கம் முழுக்கப் படம் இருக்கிற புத்தகம் வேணும். நேஷனல் புக் டிரஸ்ட் மாதிரி இடங்கள்ல குறைஞ்ச விலையில கிடைக்கும். ஒரே புத்தகத்துல அஞ்சு பிரதி வாங்குங்க, சேர்ந்து வாசிக்கலாம். ஆறாவதுக்கு மேல பேய்க் கதை, துப்பறியற கதை, விண்வெளி கேட்கிறாங்க. பொண்ணுங்க சைக்கிள் ஓட்டறதைப் பத்திக் கதை இருக்கான்னு ஒருத்தி கேட்டா. நீதிக் கதையை மட்டும் வாங்கிடாதீங்க, அது ஏற்கனவே நிறைய கேட்டுட்டாங்க.

மர அலமாரி வேணாம், கரையான் ஏறிடும். இரும்பு ரேக் ரெண்டு போதும். உயரம் நாலடிக்கு மேல வேணாம், ஒண்ணாவது பிள்ளைக்கும் மேல் தட்டு எட்டணும். மழைக்காலத்துல சுவர் ஓதம் காக்கும், அதனால சுவரை விட்டு ஒரு சாண் தள்ளித்தான் வைப்போம். வசம்பும் காய்ஞ்ச வேப்பிலையும் நாங்களே போட்டுக்கறோம், ராமபாணப் பூச்சி வராது.

அந்தப் பொண்ணைப் பத்தி எழுதியிருந்தீங்க. நம்பர் போடற இடத்தை நான் சொல்லிக் குடுத்தேன். பேர் வேணாம்னு சொன்னது அவளாச் சொன்னது. நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் எனக்கே தெரியும்.


கிருஷ்ணகிரி வாசகன்
புதன், இரவு 8.30

மொய் நோட்டு அண்ணா, 200 ரூபாயைத் திருப்பித் தர வேணாம். தம்பிகிட்ட மணிக்கட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் அமைதியாயிட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு, அவர் அவ்வளவு வலியோட நம்ம புத்தகத்துல கையெழுத்துப் போட்டாரான்னு கேட்டான். தம்பி வெல்டிங் படிக்கிறான். ரேக் வாங்கறதுக்குப் பதிலா இரும்பு வாங்கிக் குடுத்தா அவனும் கூடப் படிக்கிறவங்களும் சேர்ந்து அடிச்சுத் தர்றேன்னு சொல்றான். டீச்சர், அளவு சொல்லுங்க.


சித்தேரி டீச்சர்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.20

ரேக் ரெண்டும் போன சனிக்கிழமை மலை ஏறிடுச்சு. நாலடி உயரம், மூலையெல்லாம் அரம் போட்டு மழுக்கியிருக்காங்க, பிள்ளைங்க கையில கிழிக்காது. அடியில பச்சைப் பெயிண்ட். புத்தகத்துல முதல் தவணையா 340 வந்திருக்கு. மிச்சப் பணம் கணக்குல இருக்கு. பிள்ளைங்க எதை எடுக்கிறாங்கன்னு ரெண்டு மாசம் பார்த்துட்டு வாங்கலாம்னு மேலாண்மைக் குழுவுல முடிவு பண்ணிட்டோம்.

பதிவேடு எழுதறது எட்டாம் வகுப்புப் பொண்ணுங்க. கையெழுத்துப் போட்ட புத்தகத்துக்கு 214-ஆம் எண். வலது மேல் மூலையில எழுத்தாளர் விட்டுக் குடுத்த இடத்துல சிவப்பு மையில அந்தப் பொண்ணே எழுதியிருக்கா. தினசரித் துண்டை எடுக்க வேணாம்னு சொல்லிட்டா, அது உள்ளேயே இருக்கு. இதுவரைக்கும் நாலு பேர் எடுத்துட்டாங்க. இப்ப அது ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ல ஒரு வீட்ல இருக்கு. நேத்து மழை, அந்த வீட்டுப் பையன் பால் கவர்ல சுத்தி எடுத்துட்டுப் போனான்.


மண்டிக்காரர் மகன்
ஞாயிறு, மாலை 6.05

டீச்சர், அடுத்த சனிக்கிழமை அப்பா மலைக்கு வரணும்னு சொல்றார். அந்தப் புத்தகத்தை முடிச்சுட்டோம், பிள்ளைங்களோட சேர்ந்து ஒரு தடவை கேட்கணுமாம். வண்டியில இன்னும் மூணு பேருக்கு இடம் இருக்கு. காலையில ஆறு மணிக்கு அரூர் பஸ் ஸ்டாண்டுல நிப்போம். யார் வர்றீங்க?


பழைய நூலகர்
ஞாயிறு, மாலை 6.30

நான் வருகிறேன். பசை காய்ச்சும் பாத்திரத்தையும் எடுத்து வருகிறேன்.


தகடூர் வாசகி
ஞாயிறு, மாலை 6.34

நானும் வர்றேன். அம்மாவையும் கூட்டிட்டு வரலாமா? இன்னும் ஒரு இடம் இருக்கில்ல?